எண்ணெய் கசியும் இடம்

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திற்குச் சென்றவர்கள் அங்கே தோணிகள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பர். தோணி என்றவுடன் ஆற்றைக் கடக்க உதவும் சிறு படகு என்று எண்ணிவிடலாகாது. தூத்துக்குடித் தோணி, பெருஞ்சரக்கை ஏற்றிக்கொண்டு கடல் கடந்து செல்லும் பெரிய மரக்கலம். முற்காலத்தில் அது பாய்களின் துணைகொண்டே கொழும்புக்குச் சென்றது. பின்னர் டீசல் எஞ்சின் பொருத்தப்பெற்று மாலத்தீவு வரையிலும் சென்று வரலாயிற்று.

மரப்பலகைகளை எத்துணை நெருக்கி இணைத்தாலும் இரண்டு பலகைகளுக்கு இடையே சிறிது இடுக்கு இருந்தே தீரும். அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துச் செருகி, குங்கிலியத்தை எண்ணெயுடன் சேர்த்துக் காய்ச்சி மேலே பூசுவர். இதனைக் கடற்கரை மக்கள் ‘கலப்பத்து’ என்பர். கலப்பத்து வேலை செய்வோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். தோணியினுள் நீர் தேங்கி நிற்கும் இடம் வேறு; நீர் புகுந்த இடம் வேறு. எங்கோ ஒரு பொருத்தின் வழியாகப் புகுந்த நீர், உட்புறத்துக் கட்டைகளின்மீது வழிந்து, பலகையின் சரிவைப் பற்றிக்கொண்டு ஓடி, தாழ்ந்த இடத்தில் வந்து நிற்கும். நீர் நிற்கும் இடத்தில் பஞ்சை அடித்துவிட்டு நிம்மதியாகக் கடலுக்குப் போனவன், மறுநாள் இரவெல்லாம் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

துறைமுகத்தை விட்டு நகரின் உட்பகுதிக்கு வந்தால், மோட்டார்ப் பணிமனைகள் பல காணப்படும். உப்பு ஏற்றும் லாரிகளும் வாடகைக் கார்களும் விசைப்படகுகளினின்று கழற்றிக் கொணர்ந்த எஞ்சின்களும் அங்கே பழுது பார்க்கப்படுகின்றன. தோணியில் நீர் உள்ளே வராமல் காக்க வேண்டும். எஞ்சினிலோ எண்ணெய் வெளியே போகாமல் காக்க வேண்டும். வேலை இரண்டும் வேறு எனினும், கலப்பத்துக்காரர் அறிந்த அதே உண்மையை மோட்டார்த் தொழிலாளியும் அறிந்திருத்தல் வேண்டும்.

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் நலம். காரின் எஞ்சினுக்கு அடியில் தகட்டாலான தொட்டி ஒன்று உண்டு. இதனைச் ‘சம்ப்’ என்று வழங்குவர். அதில் நான்கு லிட்டர் அளவு எண்ணெய் நிற்கும். எஞ்சின் சுழலத் தொடங்கியதும் ஒரு சிறு பம்பு அவ்வெண்ணெயை உறிஞ்சி, வடிகட்டியின் வழியே செலுத்தி, எஞ்சினின் உடலில் குடையப்பட்டுள்ள நுண்ணிய வழிகளில் ஏற்றுகிறது. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தண்டிற்கும் அதனைத் தாங்கும் பேரிங்கிற்கும் இடையே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அப்படலம் தலைமயிரினும் மெல்லியது. ஆயினும் இரும்பு இரும்போடு உராயாமல் தடுப்பது அதுவே. உச்சியிலுள்ள வால்வுகள் வரை சென்று அங்கெல்லாம் உராய்வைக் குறைத்து, வெப்பத்தையும் தேய்ந்த துகளையும் சுமந்துகொண்டு, எண்ணெய் மீண்டும் தொட்டிக்குள் வந்து விழுகிறது. உடலில் ஓடும் குருதியை இதற்கு உவமையாகக் கூறுவது பழகிப்போன ஒன்றேயாயினும், அதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

எஞ்சின் ஒரே இரும்புக் கட்டியால் ஆனதன்று. பல உறுப்புகளைப் போல்ட்டுகளால் பிணைத்து அது செய்யப்படுகிறது. அசையாத இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில், தக்கை, தாள், ரப்பர் முதலியவற்றாலான மென்மையான தகடு ஒன்றை வைத்து இறுக்குவர், இதுவே ‘கேஸ்கெட்’. சுழலும் தண்டு எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்திலோ கேஸ்கெட் பயன்படாது. அங்கே ரப்பர் உதடு கொண்ட வளையம் ஒன்று தண்டைத் தழுவி நிற்கும். இதற்கு ‘ஆயில் சீல்’ என்று பெயர். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் தக்கை காய்ந்து சுருங்கும்; ரப்பர் இறுகி வெடிக்கும்; போல்ட்டுகள் தளரும். தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இவற்றோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பளங்களின் ஈரப் பாதையில் நாள்தோறும் ஓடும் வண்டியின் எண்ணெய்த் தொட்டி, வெளிப்புறமிருந்து துருவேறி ஊசித்துளை விழுவதும் உண்டு.

‘ஒரு துளி எண்ணெய்தானே, போகட்டும்’ என்பார் பலர். அத்துளியின் கணக்கைப் பார்ப்போமாயின் வியப்பு உண்டாகும். ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். பத்து நொடிக்கு ஒரு துளி வீதம் விழுந்தால் ஒரு நாளில் 8,640 துளி. அஃதாவது 430 மில்லி லிட்டருக்கும் மேல். நொடிக்கு ஒரு துளி வீதம் விழுந்தாலோ, 4 லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் ஒரே நாளில் வெளியேறிவிடும். தொட்டி முழுவதும் வறண்டுபோகும். எண்ணெய்ப் படலம் இல்லாமல் சுழலும் எஞ்சின், சில நிமிடங்களுக்குள் தன் பேரிங்குகளைத் தானே தின்றுவிடும்.

அளவு மட்டுமன்று, எண்ணெய் எங்கே விழுகிறது என்பதும் கருதத்தக்கது. தரையில் விழும் துளி தரையை மட்டுமே கறைப்படுத்தும். சிவக்கக் காய்ந்த புகைக்குழாயின்மீது விழும் துளி தீப்பற்றும். இதற்குச் சான்றாக வானத்திலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது.

2010-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் காலையில், குவாண்டாஸ் நிறுவனத்தின் 32-ஆம் எண் விமானம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. அது ஏர்பஸ் ஏ380 வகையைச் சேர்ந்த ஈரடுக்கு விமானம். பயணிகளும் பணியாளருமாக 469 பேர் அதில் இருந்தனர். புறப்பட்ட சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே செல்லுகையில், இரண்டாம் எஞ்சினின் சுழல்தட்டு ஒன்று பெரும் ஓசையுடன் வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன, கம்பிகளை அறுத்தன, சில பாத்தாம் தீவின் வீடுகளுக்கு இடையே வீழ்ந்தன. விமானத் தலைவர் ரிச்சர்டு டி கிரெஸ்பினியும் உடனிருந்த விமானிகளும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பொறுமையுடன் ஒவ்வொரு கருவியாகச் சோதித்து, விமானத்தைச் சிங்கப்பூரிலேயே இறக்கினர். ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை.

சிதறியது சுழல்தட்டு, ஆயின் குறை இருந்த இடம் சுழல்தட்டு அன்று. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழுவினர் சிதறிய துண்டுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தனர். எஞ்சினின் உள்ளே பேரிங்குகளுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் சிறு குழாய் ஒன்றைக் குடைந்தபோது, துளை நடுவே அமையாமல் ஒருபுறம் விலகிவிட்டது. அதனால் குழாயின் சுவர் ஒரு பக்கம் மெலிந்தது. மெலிந்த இடத்தில் நாளடைவில் விரிசல் கண்டது. விரிசல் வழியே எண்ணெய் கசிந்தது. கசிந்த எண்ணெய் வெப்பத்தில் தீப்பற்றியது. அத்தீ சுழல்தட்டின் பிடிப்பைத் தளரச் செய்தது. தண்டை விட்டு விடுபட்ட தட்டு அளவு கடந்த வேகத்தில் சுழன்று வெடித்தது. 2013-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இக்குழுவின் முடிவான அறிக்கை வெளிவந்தது. வெடித்த தட்டை மட்டும் பார்த்து, அதனைவிட வலிய தட்டு ஒன்றைச் செய்துவிட்டால் போதும் என்று அவர்கள் முடிவு கட்டியிருப்பின், அதே குறையுள்ள குழாய்களுடன் வேறு எஞ்சின்கள் பறந்துகொண்டே இருந்திருக்கும். தேடிப் பார்த்தபோது மற்றும் பல எஞ்சின்களிலும் அத்தகைய குழாய்கள் இருந்தமை புலப்பட்டது.

தரையிலும் வானத்திலும் இவ்வாறாயின், கடலிலோ கேடு இரு மடங்கு. விசைப்படகின் எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் படகின் அடித்தளத்து நீரோடு கலக்கும். அந்நீரை இறைக்கும்போது எண்ணெயும் கடலுக்குள் செல்லும். தூத்துக்குடிக் கடல் வெறும் உப்புநீர்ப் பரப்பன்று. முத்துச்சிப்பிகள் வாழும் பார்கள் அங்கே உள்ளன. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது எனினும், சிப்பியினம் அற்றுப்போய்விடவில்லை. சிப்பி, நீரைத் தன் உடலின் வழியே இழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது. நீரில் எது கலந்திருந்தாலும் அது சிப்பியின் உடலைத் தொடாமல் போகாது. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை பரந்துள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. மேலும், நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் இறுகிப்போன படகிலுள்ளவர்க்குக் கரை தெரியாது. காற்று கொண்டுசெல்லும் திசையே அவர்களுடைய திசை.

இனிக் கசிவைத் தேடும் முறையை, வாடகைக் கார் ஒன்று பணிமனைக்கு வந்ததாகக் கொண்டு காண்போம்.

அது பழைய கார். அதன் உடையவர் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு வழிபாட்டிற்குச் செல்வோரை ஏற்றிச் சென்று பிழைத்து வருபவர். கார் ஓடாத நாளில் அவர் வீட்டில் அடுப்பு எரிவது அரிது. சில திங்களாகவே காரை நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை காணப்பட்டது. எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டிற்று. கண்டோர் அனைவரும், “பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது” என்றனர். அதனை மாற்ற வேண்டுமாயின் கியர்பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. இரண்டு நாள் வருவாயும் இல்லை. அவர் கடன் வாங்கிக்கொண்டு பணிமனைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, பின் சீலை மாற்றித் தாருங்கள்” என்றார் அவர், மூத்த மேஸ்திரியிடம்.

“பின் சீலிலிருந்துதான் கசிகிறது என்று பார்த்தவர் யார்?” என்று மேஸ்திரி கேட்டார்.

“பார்க்க என்ன இருக்கிறது, அண்ணாச்சி? அங்கேதானே சொட்டுகிறது!”

“சொட்டுகிற இடத்தை நீங்களே காட்டிவிட்டீர்கள். கசிகிற இடத்தை அல்லவா நாங்கள் பார்க்க வேண்டும்?”

அவர் முதலில் செய்த வேலை, தரையில் விழுந்த துளியை விரலில் தொட்டு முகர்ந்ததேயாகும். காரிலிருந்து சொட்டுவதெல்லாம் எஞ்சின் எண்ணெய் ஆகிவிடாது. கியர்பெட்டியின் எண்ணெய் தடித்திருக்கும். கந்தகத்தை ஒத்த நாற்றம் வீசும். பிரேக் எண்ணெய் தெளிந்திருக்கும். வண்ணப்பூச்சின்மீது பட்டால் அதனை உரித்துவிடும். பிரேக் எண்ணெய் ஒரு துளி குறைந்தாலும் அக்காரை ஓட்டலாகாது. ரேடியேட்டர் நீரோ பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், வழுக்கல் குறைவு. இத்துளி கறுத்து வழுவழுப்பாக இருந்தது. அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தபோது எண்ணெய் கீழ்க்கோட்டிற்குச் சிறிது மேலே நின்றது. பின்புறக் குழாயில் நீலப்புகை இல்லை. ஆகவே எண்ணெய் உள்ளே எரிந்து குறையவில்லை, வெளியேதான் போகிறது என்பது தெளிவாயிற்று.

அடுத்து அவர், தம்மிடம் தொழில் பயிலும் இளைஞனை அழைத்து, ஆறியிருந்த எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவச் சொன்னார். இளைஞனுக்கு வியப்பு.

“அண்ணாச்சி, கறையைக் கழுவிவிட்டால் எண்ணெய் வந்த வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?”

“தம்பி, இதில் போன மாத எண்ணெயும் இருக்கிறது, போன வருடத்துப் புழுதியும் இருக்கிறது. இன்றைக்கு வருகிற எண்ணெயை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், மற்றதெல்லாம் போக வேண்டாமா?”

கசிவைத் தேடுவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். எஞ்சின் முழுவதும் எண்ணெய் பூசிக் கிடக்கும்போது எந்த உறுப்பைச் சுட்டினாலும் அது குற்றவாளியாகவே தோன்றும். போதாக்குறைக்கு, கார் ஓடுகையில் முன்புற விசிறியின் காற்றும் எதிர்க்காற்றும் கசிந்த எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். நிலத்தின் ஈர்ப்பு அதனைக் கீழ்நோக்கி இழுக்கும். இவ்விரண்டாலும் மேலே முன்புறத்தில் கசிந்த எண்ணெய் கீழே பின்புறத்தில் வந்து சொட்டும். ஆதலின் ஈரத்தின் அடியைப் பார்த்துப் பயனில்லை. ஈரம் தொடங்கும் மேல் எல்லையைக் காண வேண்டும்.

இளைஞன் கழுவித் துடைத்து உலர்த்தியபின், மேஸ்திரி முகத்துக்குப் பூசும் பவுடரை எடுத்து, எஞ்சினின் பொருத்துகள் அனைத்தின்மீதும் மெல்லத் தூவினார். கறுத்த எஞ்சின் வெண்மை பூண்டது. காருக்கு அடியில் தூய தாள் ஒன்றை விரித்து, எஞ்சினை ஓடவிட்டனர். கால் மணி கழிந்தது. அரை மணி கழிந்தது. ஒரு துளியும் விழவில்லை. பவுடரிலும் ஈரம் இல்லை.

“நிற்கும்போது கசியவில்லை என்றால் ஓடும்போது பார்ப்போம்” என்று கூறி, மேஸ்திரி தாமே காரை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் விரைந்து சென்று திரும்பினார். இப்போது முனைப்பெட்டியைத் திறந்து, டார்ச் விளக்கையும் சிறு கண்ணாடியையும் கொண்டு எஞ்சினின் பின்புறத்தைக் காட்டினார். உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் மூடியின் பின்மூலையில், வெண்பவுடரின் நடுவே கறுத்த கோடு ஒன்று தொடங்கியிருந்தது. அது எஞ்சினின் பின்சுவர் வழியே இறங்கி, கியர்பெட்டி சேரும் இடத்தை அடைந்து, அங்கே துளியாகத் திரண்டு நின்றது. பின் சீலில் குறை எதுவும் காணப்படவில்லை.

இக்காலத்துப் பெரும் பணிமனைகளில் பவுடருக்கு மாறாக வேறொரு முறையும் உண்டு. ஒளிரும் சாயம் சிறிதளவை எண்ணெயில் கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பர். கசிந்த வழி மஞ்சள் கலந்த பச்சை ஒளியுடன் மின்னும். முறை புதியதாயினும் நோக்கம் ஒன்றே.

டாப்பெட் மூடியைக் கழற்றியபோது, தக்கைக் கேஸ்கெட் அப்பளம்போல் காய்ந்து மூலையில் உடைந்திருந்தது. மூடியின் விளிம்பும் வளைந்திருந்தது. முன்பு யாரோ கசிவை நிறுத்தக் கருதி, நட்டை மேலும் மேலும் முறுக்கியிருக்கின்றனர். மெல்லிய தகட்டுமூடி அவ்வளவு இறுக்கத்தைத் தாங்காது. நட்டு உள்ள இடம் தாழும், மற்ற இடம் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்கக் கசிவு மிகும். வலிமையைக் காட்டக் கூடாத இடங்களில் இதுவும் ஒன்று.

“புதுக் கேஸ்கெட் போட்டுவிட்டால் தீர்ந்தது, அண்ணாச்சி!” என்றான் இளைஞன் மகிழ்ச்சியுடன்.

மேஸ்திரி உடனே விடை கூறவில்லை. நிற்கும்போது கசியாத எண்ணெய் ஓடும்போது மட்டும் ஏன் கசிய வேண்டும் என்ற வினா அவர் மனத்தில் எஞ்சியிருந்தது. அவருடைய பார்வை எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிமீது சென்றது. அது மற்றெல்லாவற்றையும்விடப் புதியதாக இருந்தது.

“இந்த மூடி எப்போது வாங்கினீர்கள்?”

“பழையது வழியில் எங்கோ விழுந்துவிட்டது, அண்ணாச்சி. ஆறு ஏழு மாதம் இருக்கும். பழைய சாமான் கடையில் அளவு பார்த்து வாங்கிப் போட்டேன். நன்றாக இறுக்கிப் பிடிக்கிறது.”

இறுக்கிப் பிடித்ததே குறையாயிற்று. எஞ்சினுள் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே எண்ணெய்த் தொட்டிப் பக்கம் இறங்குவது இயல்பு. எஞ்சின் பழையதாயின் அது சிறிது மிகுதியாக இறங்கும். வேகம் கூடினால் இன்னும் மிகும். அவ்வாயு வெளியேறுவதற்கென்றே எஞ்சினுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. அந்தப் பழைய காரில் எண்ணெய் மூடியிலும் காற்றுத் துளைகள் இருத்தல் வேண்டும். புதிய மூடியிலோ துளையே இல்லை. மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்த்தால், கசடும் புழுதியும் சேர்ந்து தார்போல் உறைந்து, பென்சில் நுழையும் அளவு வழியே எஞ்சியிருந்தது. போக வழியற்ற வாயு உள்ளே அழுத்தம் தந்தது. எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிற்று. காய்ந்த கேஸ்கெட் வழிவிட்டது. அதனை மட்டும் மாற்றியிருந்தால், சில திங்களில் மற்றொரு பொருத்தில் கசிவு தொடங்கியிருக்கும். ஒருவேளை நல்ல நிலையிலிருந்த பின் சீலே அடுத்துப் பலியாகியிருக்கும்.

அதன்பின் வேலை நெடுநேரம் ஆகவில்லை. மூடியின் விளிம்பைச் சமமான இரும்புப் பலகைமீது வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கினர். இரு பரப்பிலும் ஒட்டியிருந்த பழைய தக்கையை, இரும்பில் கீறல் விழாதபடி சுரண்டி எடுத்தனர். சுரண்டிய துகள் எஞ்சினுக்குள் விழாமல் துணியால் மூடிக்கொண்டனர். புதிய கேஸ்கெட்டைப் பொருத்தி, நட்டுகளை ஒரே முறையில் முறுக்காமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, சுற்றிலும் தக்கை ஒரே அளவாகப் படிந்தவுடன் நிறுத்தினர். மூச்சுக்குழாயை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியும் துணியும் விட்டுத் துடைத்தனர். துளையுள்ள மூடி ஒன்றைத் தேடி வாங்கிவந்து பொருத்தினர். குறைந்திருந்த எண்ணெயை மேல்கோடு வரை நிரப்பினர், மேல்கோட்டைத் தாண்டவிடவில்லை. கழுவிய எண்ணெயும் மண்ணெண்ணெயும் தெருச் சாக்கடைக்குள் ஊற்றப்படவில்லை. பணிமனையின் மூலையிலிருந்த தகரத்திற்குள் சென்றன. அவ்வூரில் சாக்கடையில் ஊற்றியது கடலை அடைய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

கசிவை நிறுத்தும் மருந்து என்று புட்டிகளில் விற்கப்படும் திரவங்களைப் பற்றிக் கார் உடையவர் கேட்டார். அவை ரப்பரைச் சற்றுப் பருக்கச் செய்பவை. காய்ந்த சீலுக்குச் சில காலம் உதவுதல் கூடும். உடைந்த தக்கைக்கும் அடைபட்ட மூச்சுக்குழாய்க்கும் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்று மேஸ்திரி கூறினார். அன்றியும், பழைய எஞ்சின்கள் சிலவற்றில் பின்புறம் ரப்பர் சீலே கிடையாது என்றும், தண்டின்மீது வெட்டிய திருகுவரியே எண்ணெயை உள்நோக்கித் தள்ளும் என்றும், அத்தகைய எஞ்சின் நின்றபின் ஓரிரு துளி சொட்டுவது நோயன்று என்றும் இளைஞனுக்கு எடுத்துரைத்தார். எதனைப் பழுது பார்க்க வேண்டும் என்பதோடு எதனைத் தொடவேண்டா என்பதையும் தொழிலாளி அறிய வேண்டுமன்றோ?

மாலையில் கார் மீண்டும் துறைமுகச் சாலையில் ஓடித் திரும்பிற்று. பவுடர் உலர்ந்தே இருந்தது. ஆயினும் மேஸ்திரி அன்றிரவு காரைப் பணிமனையிலேயே நிறுத்தச் சொல்லி, அடியில் புதிய தாள் ஒன்றை விரித்தார்.

விடிந்ததும் இளைஞன் முதலில் ஓடிவந்து பார்த்தான். தாளின் நடுவே கருமையாக ஒரு துளி! அவன் முகம் வாடிற்று. மேஸ்திரி குனிந்து விளக்கைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். மூடியின் மூலை உலர்ந்திருந்தது, பின்சுவர் உலர்ந்திருந்தது. கியர்பெட்டிப் பொருத்தின் இடுக்கில் மட்டும், தூரிகை எட்டாத இடத்தில் தங்கியிருந்த பழைய எண்ணெய் இரவில் மெல்ல இறங்கியிருந்தது. கந்தல் துணியைக் கம்பியில் சுற்றி அவ்விடுக்கைத் துடைத்தார். பழைய தாளை எடுத்துவிட்டு வேறு தாளை விரித்தார்.

கார் உடையவர் காலையிலேயே வந்துவிட்டார். திருச்செந்தூருக்குச் செல்லும் குடும்பம் ஒன்று பேருந்து நிலையத்தில் காத்திருப்பதாகக் கூறினார்.

“ஒரு மணி நேரம் பொறுங்கள்” என்றார் மேஸ்திரி.

அவர்கள் மூவரும் தேநீர் அருந்திவிட்டு வந்து பார்த்தபோது தாள் வெண்மையாகவே இருந்தது. கார் புறப்பட்டுச் சென்றது. இளைஞன் அத்தாளை மடித்து, அடுத்து வந்து நின்ற உப்பு லாரியின் அடியில் விரிப்பதற்காக எடுத்து வைத்துக்கொண்டான்.